இடது தோள் இறங்கிய ஜெர்சி

என் இடது தோள் வலது தோளைவிட அரை இஞ்சு இறங்கியிருக்கும். பத்து வயதிலிருந்து தண்ணீர் கேன் தூக்கிய கை அது. ஃபோட்டோவுக்கு நின்றால் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சமாளித்துவிடுவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லும்படியான பெருமையும் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக இந்த மும்பையில் எனக்கு முன்பின் தெரியாத பிள்ளைகள், ரயிலிலும் மாலிலும் காலேஜ் வாசலிலும், என் தோளை மாட்டிக்கொண்டு அலைகிறார்கள். அது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று இவ்வளவு நாள் விட்டுப் பார்த்தேன், ஆறுகிற மாதிரித் தெரியவில்லை.

எங்கள் வீடு தாராவியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே. கீழே அப்பாவின் பட்டறை, மூன்று மெஷின். மேலே நாங்கள். பட்டறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான விளையாட்டு டீசர்ட் தைப்போம். துணி வெட்டியேதான் வரும். பண்டலைப் பிரித்து, தோளைச் சேர்த்து, கையை ஏற்றி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்தது. வெட்டுவது சயான் பக்கத்துக் கட்டிங் மாஸ்டர்களின் ராஜ்யம். அதில் அப்பாவே மூக்கை நுழைக்க மாட்டார்.

எதிர்ச் சந்தில் என் வயதில் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பாவுக்கும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், வள்ளியூர். பதினொரு வயதில் குழாயடியில் சண்டை போட்டுப் பழக்கமானோம். நான் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள், அவள் முதலிலிருந்தே ஹிந்தி மீடியம். தமிழைக் கடகடவென்று பேசுவாள், ஆனால் ஓர் எழுத்து வாசிக்க வராது. எங்கள் ஏரியாப் பிள்ளைகள் ராப் பாடி ஃபோனில் பிடித்துப் போட ஆரம்பித்தபோது இவளும் பாடினாள். தமிழ் வரிகளை ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவாள். அவளுக்குத் தொண்டை, எனக்குக் கை என்று நாங்களே பிரித்துக்கொண்டோம். பையன்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஐந்து பேர் கொண்ட ஒரு கூட்டம் ஆனது. கூட்டத்துக்கு அவள்தான் தலைவி என்று யாரும் சொல்லவில்லை. அவள் நடந்துகொண்ட விதத்தில் தானாகவே ஆகிவிட்டது.

ஒருநாள் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே நடைபாதையில் குவித்துப் போட்டிருந்த பழைய வெளிநாட்டுத் துணியிலிருந்து ஒரு சட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். கருநீலம். கையிலும் வயிற்றிலும் பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு. கழுத்தில் ஷூவுக்குப் போடுவது போலக் கயிறு. முழங்கையில் இரட்டைத் துணி. என்னைப் போல இரண்டு பேர் உள்ளே போகலாம்.

"ஏட்டி, இதப் பாரு. அமெரிக்காவுல ராப் பாடுதவனுவ அந்தக் காலத்துல இதத்தான் போட்டுட்டுத் திரிஞ்சானுவ. வீடியோ காட்டுதேன், பாரு."

"இது ஹாக்கி சட்டைல்லா? முன்னால ரெண்டு குச்சி போட்டிருக்கு."

"ஆமா. ஐஸ் மேல வெளையாடுத ஹாக்கி."

"ஐஸ் மேலயா? மீன்கடக்காரன் சண்டைக்கு வந்துருவானே!"

அவள் சிரித்த சிரிப்பில் அப்பா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

ஐஸ் மேலே வழுக்கிக்கொண்டு ஓடுகிறவனின் சட்டை எதற்காக ராப் பாடுகிறவனின் சட்டை ஆனது என்று எனக்கு முதலில் மண்டையில் ஏறவில்லை. வீடியோக்களைப் பார்க்கப் பார்க்கப் புரிந்தது. தோளுக்கு மேல் பாதுகாப்புக் கவசம் போட்டு அதற்கு மேல் மாட்டுகிற சட்டை அது. கவசம் இல்லாமல் போட்டால் சட்டை மட்டும் பெரிதாக நிற்கும். உள்ளே இருக்கிறவன் ஒல்லிக்குச்சியாக இருந்தாலும் மேடையில் ஆள் பெரிதாகத் தெரிவான். கையை வீசினால் துணியும் சேர்ந்து வீசும். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுக்கிற எங்களுக்கு, வேண்டிய அளவுக்கு மேலே துணி என்பதே ஒரு திமிர்தான்.

அம்மாதான் இதில் என்னை ஆச்சரியப்படுத்தினாள். சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது சட்டையா நைட்டியா?"

"சட்டதாம்மா."

"முட்டி வரைக்கும் கெடக்கு. ஒடம்புல ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் இருக்கு, போட்டுட்டுப் போ."

துப்பட்டா இல்லாமல் நான் வாசலைத் தாண்ட அம்மா சம்மதித்த முதல் உடுப்பு அமெரிக்காக்காரன் அடிதடி விளையாட்டுக்குப் போடுவது. பக்கத்து வீட்டுப் பாய் வீட்டுப் பெண்கூடத் தலையில் துணி சுற்றிக்கொண்டு இதைப் போட்டு ஒரு ஃபோட்டோ எடுத்துப் போனாள், அவள் வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் கூட்டத்துக்கும் இதே மாதிரி ஜெர்சி தைப்பதற்காக, நான் அந்தச் சட்டையை ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். இரண்டு நாள் ஆனது. உள்ளே, முதுகின் கீழ் விளிம்பில், பட்டன் வைத்த ஒரு துணிப்பட்டி தொங்கியது. எதற்கென்று தெரியவில்லை. ஆணியில் மாட்டுவதற்கு என்றார் அப்பா. தண்ணீர் பாட்டில் தொங்கவிட என்றான் ஒரு பையன். அவள் ஃபோனில் தேடிக் கண்டுபிடித்தாள். சண்டை வந்தால் எதிராளியின் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக் கண்ணையும் கையையும் மூடிவிட்டுக் குத்துவார்களாம். அப்படி இழுக்க முடியாதபடி சட்டையைப் பேண்டோடு கட்டுகிற பட்டியாம் அது. எங்கள் கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஜெர்சியிலும் அந்தப் பட்டி கட்டாயம் வேண்டும் என்றார்கள். வைத்தேன்.

அடுத்தது அளவு. இங்கேதான் வம்பு வந்தது. பையன்கள் மூன்று பேருக்கும் தோள் அளவு எடுக்க இஞ்சு டேப்போடு கிளம்பினேன். அம்மா வாசலை மறித்தாள்.

"பயலுவ மேல டேப்ப வச்சே, கைய ஒடிச்சிருவேன். சந்துல நாலு பேரு பாக்கணும்னு இருக்கியா?"

அப்பாவை எடுக்கச் சொன்னால் அவருக்குச் சரக்கு அனுப்புகிற அவசரம். சரி, எல்லாமே தொளதொளவென்று போடப் போகிற சட்டைதானே, என் அளவையே எடுத்து நாலு இஞ்சு கூட்டி வெட்டினால் போயிற்று என்று முடிவு செய்தேன். பட்டறைத் தரையில் பிரவுன் பேப்பரை ஒட்டி விரித்து அதன் மேல் மல்லாந்து படுத்தேன். அவள் சாக் கட்டியோடு என்னைச் சுற்றி முழங்காலில் தவழ்ந்து வரைந்தாள். கழுத்தோரம் வந்தபோது கூசியது. "அசையாதட்டி, கோடு கோணுது" என்றாள். வரைந்து முடித்ததும் எழுந்து இருவரும் நின்று பார்த்தோம். தரையில் ஒருத்தி படுத்திருந்தாள், அது நான்தான்.

அந்தப் பேப்பரை வைத்து வெட்டி முதல் ஜெர்சியை அவளுக்குத்தான் தைத்தேன். கருப்பு நெட் துணி, பட்டை வெள்ளை, முதுகில் 17. தாராவி பின்கோடின் கடைசி இரண்டு எண், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"என்னம்மா, எடது தோளு எறங்கிக் கெடக்கு? கோடெல்லாம் சரிஞ்சிருக்கு."

"எதனாலப்பா அப்படி?"

"பேப்பர ரெண்டா மடிச்சு, பாதிய மட்டும் வரைஞ்சு வெட்டணும். அப்பதான் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வரும். நீ ஆள அப்படியே வரைஞ்சு வச்சிருக்க."

"இத முன்னாலயே சொல்லலாம்லா?"

"நீ கேக்கலயே."

என் அரை இஞ்சு அப்படியே பேப்பரில் இறங்கி, நெஞ்சுக் கோட்டையே சரித்துவிட்டிருந்தது. எனக்கு மானமே போய்விட்டது. கத்தரிக்கோலை எடுத்துப் பேப்பரைக் கிழிக்கப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் போய், இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, சட்டை சரிகிற பக்கமே தானும் சரிந்து நின்றாள்.

"பாத்தியா? எவனையும் மதிக்காம நிக்க மாதிரி இருக்குல்லா? இதாம்ட்டி நம்ம ஸ்டைல். மாத்துன, கொன்னுருவேன்."

அந்த நிமிடம் அவள் மேல் எனக்கு வந்த பிரியத்தை இப்போது எழுதவே வாய் கசக்கிறது. இத்தனை வருடம் ஒளித்து ஒளித்து வைத்திருந்த கோணலை அவள் அழகு என்று சொல்லிவிட்டாள். உயிரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

சட்டமும் அவள்தான் போட்டாள். ஜெர்சி விலைக்குக் கிடையாது. சொந்தமாக எழுதி, மேடையேறிப் பாடினவர்களுக்கு மட்டும்தான். பாடிவிட்டு இறங்கியதும் மற்றவர்கள் சுற்றி நின்று "எந்த வார்த்த?" என்று கேட்பார்கள். பாடியவர் தன் பாட்டிலிருந்து ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதை நான் தடித்த ஃபெல்ட் துணியில் வெட்டி, தமிழ் எழுத்தில், 17க்கு மேலே தைத்துத் தருவேன். ஹாக்கிக்காரர்கள் பெயர் போடுகிற இடம் அது. பையன்களில் ஒருவன் 'கரண்ட்டு', ஒருவன் 'மாடி', ஒருவன் 'ஓரம்'. அவள் 'சத்தம்'. பையன்களும் அவளைப் போல ஹிந்தி மீடியம்தான், தன் முதுகில் இருப்பதைத் தானே வாசிக்கத் தெரியாத கூட்டம். மாற்றித் தைத்துக் கொடுத்திருந்தாலும் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

சட்டத்தில் அவள் கறார். தேவ்நாரிலிருந்து ஒரு பெரிய மனிதரின் மகன் பைக்கில் வந்து, என்ன விலையானாலும் ஒன்று வேண்டும் என்று நின்றான். "பாடிட்டு வா பாய்" என்று திருப்பி அனுப்பினாள். எனக்கும் அதே பதில்தான். தைக்கிறவள் நான், ஒன்று எனக்கும் தைத்துக்கொள்ளவா என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீயும் எழுதிப் பாடு, போட்டுக்க. ஒனக்குன்னு தனிச் சட்டமாட்டி?"

எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமாகத்தான் பட்டது. அவளைப் பார்த்துப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆக, கூட்டத்தில் ஜெர்சி இல்லாத ஒரே ஆள் ஜெர்சி தைத்தவள். நாலு வருடம். மேடைக்குப் பக்கத்தில் குர்த்தா போட்டுக்கொண்டு, ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு நிற்பேன். கேட்கிறவர்கள் "நீங்க யாரு, மேக்கப்பா?" என்பார்கள். எழுதாமல் இல்லை. பண்டலோடு வருகிற சீட்டுகளின் பின்பக்கம் எழுதி எழுதி வைத்தேன். மேடை என்றால்தான் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போனது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். முதுகில் என் சொந்த வார்த்தை ஒன்றோடு ஒரு ஜெர்சி, சட்டப்படி கிடைத்ததாக.

கடைசியில் ஒரு பாட்டு வந்தது. எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் கிடைக்கிற பதிலை, பிறகு பார்க்கலாம் என்பதை, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வைத்து எழுதினேன்.

குழாயடியில கேட்டேன் என் நம்பரு எப்பன்னு — பொறவு.
காலேஜு போகட்டான்னு அப்பாட்ட கேட்டேன் — பொறவு.
மெஷினு முன்னால ஒக்காந்து கேட்டேன், வெளிய எப்பன்னு — பொறவு.
பொறவு பொறவுன்னு சொன்னவங்கள்லாம் முன்னால போயாச்சு.

இன்னும் நீளமாகப் போகும். மாடிக்கு ஏறுகிற இரும்பு ஏணியில் உட்கார்ந்து அவளிடம் மட்டும் பாடிக் காட்டினேன். பாதியிலேயே அவள் கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்தது. முடித்த பிறகுதான் விட்டாள்.

"பத்திக்கிட்டு எரியுதுட்டி. எந்த வார்த்த எடுக்கப் போற?"

"இன்னும் பாடலயே. பாடிட்டுத்தான சொல்லணும்?"

"சும்மா சொல்லு. என்ட்டதான."

சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், வெட்டி வைத்திருந்த பேப்பர் எழுத்துகளையும் காட்டினேன். ஆசைதான், வேறென்ன. பொறவு. ஒற்றைக்கொம்பைக் கொஞ்சம் பெரிதாக வளைத்து, கடைசி எழுத்தின் வாலைப் பட்டை வரைக்கும் இறக்கி, நான்கு நாள் உட்கார்ந்து வெட்டியது. "படமா வரைஞ்ச மாதிரி இருக்கு" என்று ஃபோனில் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் அந்தேரிப் பக்கத்துத் துணிக் கம்பெனி ஒன்று தன்னைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். ஏதோ சேர்ந்து செய்யப் போகிறார்களாம். விளம்பரத்தில் பாடப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நல்லது நடக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லி ஒரு கேசரி கிளறச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

ஏழெட்டு மாதம் கழித்து, செம்பூரில் ஒரு காலேஜ் மைதானத்தில் நிகழ்ச்சி. பட்டியலில் என்னையும் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கான ஜெர்சியைத் தைத்து முடித்து, முதுகை வெறுமையாக விட்டு, மடித்துப் பெட்டியில் வைத்தேன். பாடிய பிறகுதான் அதைத் தொடலாம். சயானில் பஸ் ஏறி, சாயங்காலம் ஐந்து மணிக்கு, குர்த்தாவோடு போய் இறங்கினேன்.

வாசலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகள், அதற்கடுத்து ஒரு துணிக் கடை. கம்பியில் வரிசையாக ஜெர்சி தொங்கியது. கருப்பு, வெள்ளைப் பட்டை, 17. எங்கள் பசங்களைப் பார்த்து எவனோ காப்பி அடித்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அடித்தால் அடிக்கட்டும், ஊரில் நடக்காததா என்று தாண்டிப் போகப் போனவள் நின்றேன். எல்லா ஜெர்சியின் நெஞ்சுக் கோடும் இடது பக்கம் சரிந்திருந்தது.

பார்த்துத் தைக்கிறவன் கோணலைத் திருத்திவிடுவான். எந்தக் கட்டிங் மாஸ்டரும் ஒரு தோளை மட்டும் அரை இஞ்சு இறக்கி வெட்ட மாட்டான், கை கூசும். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, இதுதான் டிசைன் என்று யாரோ சொல்லக் கேட்டு வெட்டினால்தான் இப்படி வரும். அந்தப் பேப்பர் உலகத்தில் ஒன்றுதான். அப்பாவின் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

ஒன்றைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். பொறவு. ஒற்றைக்கொம்பு பெரிதாக வளைந்து, வால் பட்டை வரைக்கும் இறங்கி, நான் வெட்டிய எழுத்து அப்படியே, வெள்ளையில் அச்சடித்து.

அதைக் கையில் பிடித்தபடியே நின்றேன். கடையில் இருந்த பெண் "டிரை கரோ நா, மேடம்" என்று ஒன்றை எடுத்து என் தலை வழியாக மாட்டியே விட்டாள். கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். எங்கள் கூட்டத்தில் யார் போட்டாலும் சரிந்து நிற்கும் அந்தச் சட்டை, என் மேல் மட்டும் நேராக நின்றது. கோடு ஒரு நூல்கூடச் சாயவில்லை.

"அரே வாஹ்! ஆப்கே லியே ஹி பனா ஹை" என்றாள். உங்களுக்காகவே தைத்தது போல இருக்கிறது என்று. வியாபாரத்துக்குச் சொல்வதுதான், ஆனால் அன்றைக்கு அந்த மைதானத்தில் உண்மை பேசிய ஒரே ஆள் அவள்தான். கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"அந்த பேட்டர்ன் பேப்பர் ஆணியில இருக்காப்பா?"

"இருக்கே. ஏன்?"

"யாராவது எடுத்துட்டுப் போனாங்களா?"

"ஒந்தோழிதான் வந்தா, ஆறேழு மாசம் இருக்கும். நீ வாங்கிட்டு வரச் சொன்னதாச் சொன்னா. ரெண்டு நாள்ல சுருட்டிப் பத்திரமாக் கொண்டுவந்து தந்துட்டாளே. என்னம்மா, கிழிஞ்சிருக்கா?"

"இல்லப்பா. கிழியல."

மேடைக்குப் பின்னால் பந்தல் துணி கட்டிய மறைவில் இருந்தாள். 'சத்தம்' ஜெர்சி போட்டிருந்தாள், நான் தைத்தது. என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"பாத்துட்டியா? ஒனக்கு சர்ப்ரைஸாக் காட்டணும்னு இருந்தேன்."

"அப்பாட்டப் பொய் சொல்லிப் பேப்பர எடுத்துட்டுப் போனியா?"

"ரெண்டே நாளு. திருப்பிக் குடுத்துட்டேன்லா. ஒன்ட்ட கேட்டா நீ தந்திருக்க மாட்ட. இது என்னட்டி, அஞ்சு பேரோட முடிஞ்சு போற விஷயமா? ஊர் பூரா போடுது, பாரு."

"வெலைக்குக் கெடையாதுன்னு சொன்னது யாரு?"

"அது அப்ப."

"அந்த வார்த்த?"

கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் இன்னும் பாடவே இல்லட்டி. அது என் வார்த்த. ஒன்ட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"கம்பெனிக்காரங்க பின்னால ஒரு தமிழ் வார்த்த கேட்டாங்க. பாக்க நல்லா இருக்கணும்னாங்க. என் ஃபோன்ல அது இருந்துச்சு, அனுப்பிட்டேன்."

"சத்தம்னு ஒன் வார்த்தையக் குடுத்திருக்கலாம்லா?"

"அது என்னோடதுல்லா!" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். என் கையைப் பிடிக்க வந்தாள். நான் பின்னால் நகர்ந்தேன்.

"நெசமாச் சொல்லுதேன், நீ ஏற மாட்டன்னு நெனச்சேன். நாலு வருசமா இந்தா ஏறுதேன், அந்தா ஏறுதேன்னு சொல்லிட்டே இருந்த. எப்படியும் சும்மாதான கெடக்கப் போவுதுன்னு…"

பேப்பர் போனதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். வார்த்தை போனதைக்கூட, காலம் போனால், மறந்திருப்பேனோ என்னவோ. இதை மறக்க முடியவில்லை. இந்த ஊரில் என்னை ஒருத்தி நம்பிக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் நாலு வருடம் மேடைக்குக் கீழே நின்றேன். அவளோ என்னை எப்போதோ கணக்கிலிருந்தே எடுத்துவிட்டாள்.  ஒரு அறை விட்டிருக்கலாம். கை வரவில்லை.

அதற்குள் அவள் முறை வந்து மேடைக்கு ஓடிவிட்டாள். முன்வரிசையில் முப்பது நாற்பது பேர் அந்த ஜெர்சியோடு நின்றார்கள். எல்லோரும் காலேஜ் பிள்ளைகள், பல் வரிசையாக இருக்கிற பிள்ளைகள். அவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லி, "பீச்சே க்யா லிக்கா ஹை?", பின்னால் என்ன எழுதியிருக்கிறது, என்று கேட்டு, அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாள். நாலு தடவை கத்த வைத்தாள். மைதானம் முழுக்க என் வீட்டுப் பேச்சு, ற வராத வாய்களில்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். பிறகு, ஏற மாட்டாள் என்று சொன்னாளே, அந்த ஒரு ஆத்திரத்தில் பையை அங்கேயே போட்டுவிட்டு ஏறினேன்.

நாக்கு ஒட்டவில்லை. முதல் வரி நன்றாகவே வந்தது. குழாயடியில கேட்டேன் என் நம்பரு எப்பன்னு, என்று பாடி, அந்த இடம் வந்ததும் வாய் மூடிக்கொண்டது. சட்டைக் கடையின் வார்த்தையைச் சொல்ல என்னால் முடியவில்லை. நான் சொன்னால் நான் அவர்களிடமிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியில் கூட்டம் கத்தியது: "பொர்ராவு!" இரண்டாவது வரி, அதே இடம், அதே அடைப்பு, அதே கத்தல். கடைசி வரை அப்படியே பாடினேன். என் பாட்டில் என் வார்த்தையை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கைதட்டல் அவளுக்கு வந்ததைவிடப் பெரிதாக வந்தது.

இறங்கியதும் பையன்கள் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "எந்த வார்த்த?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, ஒருவன் சிரித்தான். "கேக்கவே வேண்டாம், அதான் ஊரே போட்டிருக்கே!"  தண்ணீர் வேண்டும் என்று சொல்லி அந்த இடத்தை விட்டு நகர்ந்தேன்.

பந்தல் மறைவிலிருந்து அவள் ஓடி வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று, வெட்கங்கெட்ட மனது, அப்போதும் எதிர்பார்த்தது. கண் பளபளக்க, "மஸ்த்து ஐடியாட்டி! அந்த எடத்துல கேப் விட்டு ஜனங்களப் பாட வச்ச பாரு, எப்படித் தோணுச்சு ஒனக்கு?" என்றாள். பக்கத்தில் நின்ற கம்பெனிக்காரரும் தலையாட்டினார். அதை வீடியோவில் வைக்கலாம் என்றார்.

அன்றோடு நான் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பேட்டர்ன் பேப்பரைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அப்பா மெஷினை நிறுத்தவில்லை. பெட்டியில் இருக்கிற ஜெர்சியின் முதுகு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

அவள் இப்போது பூனா, பெங்களூர் என்று போகிறாள். எல்லா மேடையிலும் என் பாட்டைப் பாடுகிறாளாம், பொறவு வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறாளாம். பையன்களில் ஒருவன்தான் சொன்னான். போன மாதம் அவளே எனக்கு மெசேஜ் போட்டாள். தாணேயில் நிகழ்ச்சியாம். என்னதான் செய்தாலும் செம்பூரில் எனக்கு வந்த மாதிரி அந்த நிறுத்தம் வரவில்லையாம். எவ்வளவு நேரம் விட்டாய், எப்படிப் பழகினாய் என்று கேட்டிருந்தாள்.

இரண்டு நாள் விட்டுவிட்டு, உள்ளதைச் சொன்னேன். நான் எதையும் பழகவில்லை, நிறுத்தவும் இல்லை. என் வார்த்தை எல்லார் முதுகிலும் ஏறின பிறகு என் வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் பேசியே அனுப்பினேன். பேசும்போது குரல் உடைந்துவிட்டது, அழிக்காமல் அப்படியே அனுப்பினேன்.

அவள் உடனே கேட்டுவிட்டாள். பதிலும் உடனே வந்தது. "ஏட்டி, 'எல்லார் முதுகுலயும் ஏறுன பெறகு என் வாய்க்கு வரல' — இந்த லைன் செமையா இருக்கு. எடுத்துக்கிடட்டுமா?"

இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் என்னிடம் கேட்டுவிட்டு எடுக்க நினைத்தது அது ஒன்றுதான்.